அடி தெரியும் தண்ணீர்

கோதண்டபாணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் குழி தோண்ட ஆள் விட்டார். ஆம்பூரிலிருந்து மின்னூர் போகும் வழியில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் அவர் வீடு. அக்கம்பக்கத்தில் செப்டிக் டேங்க் என்று நினைத்தார்கள். அவர் மனைவி கண்ணம்மாள் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்தாள். அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். இருபதடி நீளம், பத்தடி அகலம் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்ட பிறகும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வெளிர் நீல டைல்ஸ் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய அன்றுதான் கேட்டாள்.

"தொட்டிக்கு எதுக்குங்க நீலத்துல டைல்ஸ்?"

"நீச்சல் குளம், கண்ணம்மா."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

அவள் உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவள் ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். கண் மங்கத் தொடங்கியதும் ஐம்பது வயதில் நின்றுகொண்டாள். இப்போது வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். ஓய்வூதியப் பணம் வந்ததும் மாடியில் ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விடலாம் என்று அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

கோதண்டபாணிக்கு அதை மறுத்துப் பேசத் தெரியவில்லை. குளம் எதற்கு என்று விளக்கவும் தெரியவில்லை. தோல் பதனிடும் ஷெட்டுகளிலிருந்து வரும் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஆபரேட்டராக இருந்தவர் அவர். காலையில் போனதும் முதலில் பார்ப்பது தண்ணீரின் நிறத்தைத்தான். வரும்போது கறுப்பு. காற்றடிக்கும் தொட்டியில் பழுப்பு. படியவிடும் வட்டத் தொட்டியில் ஆறிப்போன டீயின் நிறம். கடைசியில் புது மெஷின்கள் வந்து தண்ணீர் தெளிவாக வெளியேறத் தொடங்கியபோது, அது குழாய்க்குள்ளேயே திரும்பி ஷெட்டுக்குப் போய்விட்டது. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் உண்டு. ஒரு இடத்தில் நின்று, அகலமாக, அடிவரைக்கும் தெரிகிற தண்ணீரை அவர் அத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. பம்பு பொருத்த வந்த பச்சையப்பனிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்: "அடி தெரியணும்பா. அவ்ளோதான்."

"தெரியும் சார். ஆனா இது சும்மா இருக்காது. தினம் ஒரு வேலை வைக்கும்," என்றான் பச்சையப்பன்.

இருபத்து மூவாயிரம் லிட்டர். பாதி வீட்டு போர் தண்ணீர், பாதி லாரித் தண்ணீர். நிரம்பிய அன்று சாயங்காலம் அது வானத்தைப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தது. மறுநாள் காலையில் அவர் குளோரின் தூளைக் கரைத்துச் சுற்றிலும் ஊற்றினார். பத்து மணிக்குள் நிறம் மாற ஆரம்பித்தது. மதியம் பார்த்தால் குளம் முழுக்க டிகாஷன்.

கண்ணம்மாள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவர் விளிம்பில் குந்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, அந்தப் பழுப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாள். வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னா ஆச்சு?"

"இரும்பு. நம்ம போர்ல இரும்பு ஜாஸ்தி. குளோரின் பட்டதும் வெளிய வந்துடுச்சு. எனக்குத் தெரியும் கண்ணம்மா. இதே வேலைய முப்பது வருஷம் பாத்தவன். ஆசையில மறந்துட்டேன்."

நான்கு நாள் பாடுபட்டார். படிகாரம் கரைத்து ஊற்றி, பம்பை நிறுத்தி, யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று காவல் இருந்தார். பழுப்பெல்லாம் பஞ்சு பஞ்சாகச் சேர்ந்து அடியில் உட்கார்ந்தது. அதை நீண்ட குழாயால் மெல்ல மெல்ல உறிஞ்சி வெளியே விட்டார். ஐந்தாம் நாள் விடியலில் கண்ணம்மாள் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தபோது, சமையலறைக் கூரையில் என்னவோ அசைந்தது. நிமிர்ந்தாள். பின்பக்கத் தண்ணீரில் பட்ட வெயில் ஜன்னல் வழியாக ஏறி, கூரை முழுக்க வலை வலையாக ஓடிக்கொண்டிருந்தது. ஒளியின் கண்ணிகள் விரிந்தன, சுருங்கின, ஒன்றுக்குள் ஒன்று நழுவின. பால் பொங்கி அடுப்பை அணைக்கும்வரை அவள் அண்ணாந்தபடியே நின்றிருந்தாள். அவரிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பச்சையப்பன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. குளம் தினமும் வேலை வைத்தது. காலையில் வலையால் இலை அள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் புங்க மரம் பூக்கிற மாதத்தில் ஒருநாளைக்கு மூன்று தடவை. தவளையைத் தூக்கி வெளியே விட வேண்டும். சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து குளோரின் அளவு தெரிய இரண்டு மருந்துச் சொட்டு விட்டு, மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை மணல் ஃபில்டரைத் திருப்பி ஓட்டிக் கழுவ வேண்டும். அதில் போகும் தண்ணீருக்கு ஈடாக மறுபடி தண்ணீர் விட வேண்டும். உப்புத் தண்ணீர் என்பதால் டைல்ஸ் விளிம்பில் வெள்ளைக்கோடு படியும். அதை அமிலம் தொட்டுத் தேய்க்க வேண்டும். கரன்ட் பில் அடுத்த படிக்கு ஏறியது. கோடையில் தண்ணீர் வாரத்துக்கு நாலு விரற்கடை ஆவியாகிப் போனது. பம்பின் சீல் ஒருமுறை போனது, மோட்டார் ஒருமுறை எரிந்தது. ஓய்வூதியத்தில் கொஞ்சம், சீட்டுப் பணத்தில் கொஞ்சம் என்று குளம் குடித்துக்கொண்டே இருந்தது.

"ஒரு கொழந்தைய வளத்திருந்தாகூட இந்நேரம் அது தானா எழுந்து பல் வெளக்கும்," என்பாள் கண்ணம்மாள்.

அவர் சிரிப்பார். பதிலுக்கு ஒரு நோட்டை எடுத்து எழுதுவார். நிலையத்தில் வேலை பார்த்த பழக்கம். தேதி, நேரம், சொட்டு மருந்தின் நிறம், பம்பு ஓடிய மணி, கடைசியில் குறிப்பு என்று கட்டம் போட்டிருந்தார்.

இத்தனைக்கும் அவர் குளத்தில் நீந்தவில்லை. படியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில், ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தலையைக் குனிந்து தன் பாதங்களைப் பார்ப்பார். கலங்காத தண்ணீரில் அவை பெரிதாகவும் வெளுப்பாகவும், வேறு யாருடையவோ போலவும் தெரியும். பத்து நிமிடம் அப்படி நின்றுவிட்டு ஏறிவிடுவார். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் மற்ற எல்லாம்.

இரண்டாவது வருடம் மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை, டைல்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷை வைத்துவிட்டு அப்படியே தரையில் சாய்ந்தார். கண்ணம்மாள் ஓடிப்போனபோது சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. ஆட்டோவில் ஆம்பூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் வேலூர். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் பூர்ணிமா அன்று இரவே வந்துவிட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் சளி கட்டிக் காய்ச்சல் வந்ததால் தீவிர சிகிச்சையிலேயே நாள்கள் ஓடின. மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து துணி துவைத்து, கஞ்சி வைத்து, திரும்பிப் போனாள். நான்காம் நாள் குளத்தின் ஓரங்கள் வழுவழுத்தன. ஆறாம் நாள் தண்ணீர் இளம்பச்சை. எட்டாம் நாள் கரும்பச்சை. அடி மறைந்துபோய், நடுவில் ஒரு தேங்காய் மட்டை மிதந்தது. கொசு மொய்த்தது. கண்ணம்மாள் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

பூர்ணிமா தெளிவான பெண். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு, அப்பாவின் மருந்து நேரத்தையும் பார்த்துக்கொண்டாள்.

"அந்தக் குளத்த மூடிடலாம்மா," என்றாள். "பக்கெட் தூக்கி, தேய்ச்சு, இதெல்லாம் இனிமே அவரால முடியாது. ஊருக்கு வந்து பாத்தா திரும்ப ஆரம்பிச்சிடுவாரு. அவர் வர்றதுக்குள்ள மண்ணப் போட்டு மூடிடணும். ரெண்டு நாள் கோச்சுக்குவாரு, அப்பறம் சரியாய்டும்."

"செய்," என்றாள் அம்மா. அவளுக்குக் களைப்பாக இருந்தது.

பூர்ணிமா பச்சையப்பனுக்கு போன் செய்தாள். வியாழக்கிழமை காலை டிராக்டரில் எட்டு லோடு மண். பம்பையும் ஃபில்டரையும் அவனே விற்றுக் கொடுப்பதாகப் பேச்சு.

புதன்கிழமை கோதண்டபாணியை வார்டுக்கு மாற்றினார்கள். முகம் சுருங்கி, தாடி நரைத்து, படுக்கையில் பாதி இடத்தைக்கூட அவர் நிரப்பவில்லை. கண்ணம்மாள் ஸ்பூனால் கஞ்சி ஊட்டினாள். நாலு வாய்க்குப் பிறகு அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பத்து நாளைக்குப் பிறகு அவர் முழுசாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"தண்ணி எப்படி இருக்குது?"

ஜன்னலோரம் நின்றிருந்த பூர்ணிமா திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குது," என்றாள் கண்ணம்மாள். "அடி தெரியுது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. அப்படியே தூங்கிப்போனார்.

வராண்டாவுக்கு வந்ததும் மகள் கேட்டாள். "ஏம்மா பொய் சொன்னே?"

"தெரியல. வாயில வந்துச்சு."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள் கண்ணம்மாள். பள்ளிகொண்டா தாண்டியதும் பாலாறு பக்கத்திலேயே வந்தது. மணலும் சீமைக்கருவேலமும், எங்கோ ஒரு குட்டையில் ஒரு துண்டு ஆகாயமும். தன் வாயிலிருந்து வந்த வார்த்தையை அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அவரிடம் அவள் பெரிதாகப் பொய் சொன்னதே இல்லை. பொய் சொல்லும்படி அவர் எதையும் கேட்டதும் இல்லை.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு டிராக்டர் வந்துவிட்டது. அவள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வருவதற்குள் முதல் லோடை மதிலோரம் கவிழ்த்துவிட்டார்கள். பச்சையப்பன் ஸ்பேனரோடு பம்பு ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"பச்சையப்பா, நிறுத்து."

"இன்னாக்கா?"

"மண்ணு வேணாம். வண்டிய அனுப்பிடு. ஒரு லோடுக்குக் காசு வாங்கிக்கோ."

"பூர்ணிமா சொல்லிச்சே..."

"அவகிட்ட நான் பேசிக்கறேன். நீ எனக்கு ஒண்ணு சொல்லு. இந்தப் பச்சை எத்தினி நாள்ல போவும்?"

அவன் தண்ணீரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "பேஜாரு புடிச்ச வேலைக்கா. அஞ்சு நாள் ஆவும். தனியா ஆவாது."

"அவரு தனியாத்தானே செஞ்சாரு."

அவன் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டான். பம்பை எப்படிப் போடுவது, ஃபில்டரின் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினால் கழுவும், எந்தப் பக்கம் திருப்பினால் ஓடும் என்று காட்டிக் கொடுத்தான். மீதிக்கு அவள் நோட்டை எடுத்தாள்.

முதல் வருடத்திலேயே ஒருமுறை தண்ணீர் பச்சையாகி அதை அவர் மீட்டிருந்தார். எவ்வளவு தூள், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்று எல்லாம் கட்டத்துக்குள் இருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தாள். குறிப்புக் கட்டத்தில் பெரும்பாலும் 'தெளிவு' என்றும், 'லேசான மங்கல்' என்றும் இருந்தது. நடுநடுவே வேறு விதமாகவும் எழுதியிருந்தார். 'மழை, 12 மி.மீ. இருக்கும்.' 'தவளை 3.' 'கண்ணம்மா ஜன்னலில் நின்று பார்த்தாள். ஐந்து நிமிடம்.' அதற்குக் கீழே இன்னொரு தேதியில்: 'இன்றும் பார்த்தாள்.'

அவள் நோட்டை மூடினாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

மட்டையையும் பாசியையும் அள்ளி எறிந்தாள். கம்பில் கட்டிய பிரஷால் சுவர்களை மேலிருந்து கீழாகத் தேய்த்தாள். பாசி பச்சைப் புகை போலக் கிளம்பிற்று. வாயில் துணி கட்டிக்கொண்டு தூளைக் கரைத்தாள். பம்பு இரவும் பகலும் ஓடியது. ஒருநாள் வேலூர் போய்விட்டு மறுநாள் வந்து பார்த்தபோது பச்சை செத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. படிகாரம் ஊற்றிப் படியவிட்டாள். இரவில் தோள் வலியில் புரண்டு படுக்க முடியவில்லை. கட்டை விரல் தோல் வெடித்தது. இதையா இந்த மனுஷன் தினம் செய்தார் என்று நினைத்தபோது கோபமும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

திங்கள்கிழமை அடியில் படிந்ததை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, குழாயின் தலை கழன்று ஆழமான பக்கத்தில் விழுந்துவிட்டது. அங்கே ஐந்தடி, அவள் தலை மூழ்கும். கம்பால் துழாவினாள். ஒவ்வொரு முறையும் நுனி வரை வந்து நழுவியது. வெயில் ஏறி, தண்ணீர் நீலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பிளாஸ்டிக் தலை அடியில் கிடந்து மெல்ல நெளிந்தது.

அவள் சுற்றிலும் பார்த்தாள். மதில், மதிலுக்கு அப்பால் புங்க மரம், அதற்கு அப்பால் ஜவ்வாது மலையின் மங்கிய கோடு. யாரும் இல்லை. உள்ளே போய் பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு வந்து, அதைக் காலிடுக்கில் இழுத்து முடிந்து, படியில் இறங்கினாள்.

எட்டு வயதில் அப்பாவின் வயல் கிணற்றில் நீந்தக் கற்றவள் அவள். குடியாத்தம் பக்கத்தில் சின்ன ஊர். அக்கா தங்கைகளெல்லாம் மேட்டிலிருந்து குதிப்பார்கள். பதினாலு வயதில், ஒரு கோடையில், கிணற்றுத் தண்ணீர் நாக்கில் கரித்தது. அடுத்த வருடம் அதில் குளித்தால் உடம்பு அரித்தது. அதற்கு அடுத்த வருடம் யாரும் இறங்கவில்லை. அப்பா வயலை விற்றார். நீச்சல் என்ற ஒன்று தனக்குத் தெரியும் என்பதையே நாற்பது வருடத்தில் அவள் யாரிடமும் சொல்ல நேரவில்லை.

மூச்சை இழுத்து முங்கினாள். உடனே மூக்கில் தண்ணீர் ஏறி, பதறி எழுந்து, இருமி, விளிம்பைப் பிடித்தாள். கிணற்றுத் தண்ணீர் இப்படிக் கண்ணை எரிக்காது. இரண்டாவது முறை மெதுவாக இறங்கினாள். காது அடைத்து உலகத்தின் சத்தம் நின்றது. பம்பின் முனகல் மட்டும் எங்கோ தூரத்தில், வண்டு போல. கண்ணைத் திறந்தாள். கூரையில் பார்த்த அந்த ஒளி வலைக்குள்ளேயே இப்போது அவள் இருந்தாள். அது அவள் கைமேல் ஓடியது, கையின் நரம்புகளின்மேல், வெடித்த கட்டை விரலின்மேல். குழாய்த் தலையை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். அதை விளிம்பில் வைத்துவிட்டு, ஏறாமல், மல்லாந்தாள்.

மிதந்தாள். நைட்டி சுற்றிலும் பெரிய இலையாக விரிந்தது. வானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. நெற்றிக்கு மேலேயே இருப்பது போலவும் இருந்தது. ஒரு ரயில் போனது. சத்தமாக அது வரவில்லை. தண்ணீரின் நடுக்கமாக முதுகில் வந்து, முதுகிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரி, பில், மகள், தைக்காமல் கிடக்கும் ஆறு ஜாக்கெட் எல்லாம் கரையில் கழற்றி வைத்த துணி மாதிரி இருந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு எழுந்து, குழாயைப் பொருத்தி, மிச்ச வேலையை முடித்தாள்.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்துவிட்டு கோதண்டபாணி வீடு திரும்பினார். வாடகைக் காரிலிருந்து இறங்கியதும் படுக்கைக்குப் போகாமல், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் நடந்தார். பூர்ணிமா எதையும் சொல்ல முடியாமல் கூடப் போனாள். மண்ணைத் திருப்பி அனுப்பியதை அம்மா அவளிடம் சொல்லவே இல்லை.

நீலம். அடியில் ஒவ்வொரு டைல்ஸின் கோடும் எண்ணும்படி தெரிந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"குளோரின் கொஞ்சம் ஜாஸ்தி, கண்ணம்மா."

"கம்மி பண்ணிக்கலாம்," என்றாள் அவள் கதவோரம் நின்று.

பூர்ணிமா சமையலறையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா இது? நான் அவ்ளோ சொல்லியும்..."

"நான் பாத்துக்கறேன்டி."

"எப்படிம்மா பாத்துப்ப? உனக்கு அம்பத்தஞ்சு ஆவப் போவுது. செலவு யாரு பண்றது?"

"ஜாக்கெட்டு தைக்கறேன் இல்ல. பம்பு எட்டு மணி நேரம் ஓட வேணாமாம், நாலு மணி நேரம் போதும்னு பச்சையப்பன் சொன்னான். மேல ஒரு மூடி போட்டா தண்ணியும் ஆவியாவாது, எலையும் வுழாது. மூடிய நானே தைக்கப் போறேன்."

மகள் அம்மாவை உற்றுப் பார்த்தாள். கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். "உன் கை இன்னாம்மா இப்படி ஆயிருக்குது?" என்று கேட்டு, அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

பூர்ணிமா பெங்களூர் திரும்பிய மறுநாளிலிருந்து கண்ணம்மாள் தினமும் விடியலில் நீந்தினாள். ஷூ உள்பக்கம் வைத்துத் தைக்கும் வழுவழுப்பான துணியை பஜாரில் வாங்கி, முழங்கை வரைக்கும் கை வைத்த ஒரு சட்டையும் கால்சட்டையும் தைத்துக்கொண்டாள். மாத்திரையின் மயக்கத்தில் கோதண்டபாணி ஏழு மணி வரை தூங்குவார். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ அவர் சீக்கிரமே விழித்துவிட்டார். பின்னாலிருந்து சீரான ஒரு சத்தம் வந்தது. பம்பின் சத்தம் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து கதவருகில் நின்றார்.

குளத்தில் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். நரைத்த பின்னல் தண்ணீரில் பின்னாலேயே நீந்திவர, கைகள் முன்னே போய்த் திறந்து, திறந்து, அவசரமே இல்லாமல். சுவரைத் தொட்டுத் திரும்பியபோது முகம் தெரிந்தது. முப்பத்து மூன்று வருடம் தன் வீட்டில் இருந்த முகம். ஆனால் அதில் இருந்த அமைதியை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கூப்பிட்டால் அது போய்விடும் என்று பயந்து சும்மா நின்றார்.

அவள்தான் பார்த்தாள். நடுக்குளத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரோ கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

"சின்னப் புள்ளையிலேர்ந்து."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"எங்க சொல்றது? தண்ணியே இல்லாத ஊர்ல நீச்சல் தெரியும்னு சொன்னா எதுக்கு ஆவும்?" அவள் படியில் வந்து உட்கார்ந்தாள். கிணற்றையும் அது கரித்த கோடையையும் பற்றிச் சொன்னாள். அக்கா தங்கைகள் ஒவ்வொருவராக இறங்காமல் நின்றதைச் சொன்னாள். அந்தக் கிணற்றுக்கு எந்தத் தண்ணீர் போயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் வேலைக்குச் சேர்வதற்கு முந்திய வருடங்கள் அவை. சுத்தம் செய்ய எந்த நிலையமும் இல்லாத காலம்.

"நான் உன்ன ஒண்ணும் கேக்காமத்தான் இத்தக் கட்டினேன்," என்றார் கடைசியில்.

"ஆமா," என்றாள் அவள். "கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அந்தக் கோடை கடுமையாக இருந்தது. போர் கீழே இறங்கியது. மே மாதம் முழுவதும் குளத்தை அரையளவுக்கு விட்டு, அவள் தைத்த தார்ப்பாய் மூடியைப் போட்டு வைத்தார்கள். லாரித் தண்ணீர் வாங்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொட்டு மருந்தின் நிறத்தைப் பார்த்துச் சொல்வார். அவள் தூளை அளந்து கரைப்பாள். சண்டையும் வந்தது. அவர் சொன்ன அளவுக்கு மேல் அவள் ஒரு கரண்டி போடுவாள். நோட்டில் இப்போது இரண்டு கையெழுத்து இருந்தது. பூர்ணிமா ஒரு சனிக்கிழமை வந்து, மூடியை ஒதுக்கிவிட்டு, படியில் இறங்கி அரைக்குளத்தில் காலை விட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். போகும்போது மூடுவதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கரன்ட் பில்லை அவளே ஆன்லைனில் கட்டினாள்.

ஜூலையில் டாக்டர் தண்ணீரில் இறங்க அனுமதி கொடுத்தார். பாரம் தூக்கக்கூடாது, தண்ணீர் குளிர்ந்திருக்கக்கூடாது, மெதுவாக நடக்கலாம். முதல் மழைகளில் போர் ஏறியிருந்தது, குளம் நிரம்பியிருந்தது. ஒரு மாலை, வெயில் தாழ்ந்து தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தபோது, கோதண்டபாணி படியில் இறங்கினார். நெஞ்சின் நடுவில் நீளமான தழும்பு. அதைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"கைய எடுங்க," என்றாள் கண்ணம்மாள். "மல்லாந்து படுங்க."

"முழுகிடுவேன்."

"நான் புடிச்சுக்கறேன்."

அவர் பின்னால் சாய்ந்தார். உடம்பு முழுக்க விறைத்திருந்தது. அவள் ஒரு கையை அவர் முதுகுக்கடியிலும் இன்னொன்றைப் பிடரிக்கடியிலும் கொடுத்தாள். "கழுத்த விடுங்க. விடுங்கன்னா விடணும். வானத்தப் பாருங்க." மெல்ல மெல்ல அவர் கழுத்து தளர்ந்தது. கால்கள் தாமாக மேலே வந்தன. எழுபது கிலோ மனிதர் அவள் உள்ளங்கையில் ஒரு துணியின் கனம்கூட இல்லாமல் கிடந்தார்.

அவர் காதுகள் தண்ணீருக்குள் இருந்தன. அவள் உதடுகள் அசைவது தெரிந்தது; என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லத் தோன்றவில்லை. மலைப்பக்கமிருந்து வந்த மேகம் ஒன்று தலைக்கு மேல் நின்றது. அதன் கீழ்விளிம்பு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. தூறல் ஆரம்பித்தது. தண்ணீரின் மேல் ஒவ்வொரு துளியும் ஒரு சின்ன வட்டம் போட்டது. சில துளிகள் அவர் முகத்தில் விழுந்தன. அவர் கண்ணை மூடவில்லை. அவள் மழையைப் பார்த்துக்கொண்டே, பிடரிக்கடியிலிருந்த கையை எடுத்தாள். பிறகு முதுகுக்கடியிலிருந்த கையையும், ஒவ்வொரு விரலாக.